பாடம் பதினான்கின் கடிகாரம்

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் 11, காலை 10.20. முப்பத்தொரு சாக்கெட். முப்பத்தொன்றும் தப்பு.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைக் கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

நான் இந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் ஒரு வருடம் மின்பணிக்குப் பயிற்றுநரே இல்லை. பசங்க முழுக்க முழுக்கத் திரையைப் பார்த்துத்தான் படித்திருக்கிறார்கள். வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில், "ஆசிரியர் இல்லாத இடத்திலும் பாடம் நிற்காது" என்று எழுதியிருக்கிறது. இன்று அவர்களுக்கு ஒரு சின்ன சோதனை வைத்தேன். ஆளுக்கொரு மூன்று முனை சாக்கெட், ஒரு விளக்கு, வயர். போட்டுக் காட்டு என்றேன். இருபது நிமிடத்தில் முப்பத்தொரு விளக்கும் எரிந்தன. கைதட்டக்கூடப் போனேன். சும்மா இருக்க முடியாமல் டெஸ்டரை எடுத்துச் செருகிப் பார்த்தேன். முன்னாலிருந்து பார்த்தால் வலப்பக்க ஓட்டையில் கரண்ட் இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் இருந்தது. அடுத்ததிலும். அதற்கு அடுத்ததிலும்.

விளக்குக்கு எந்தப் பக்கம் வந்தாலும் கவலையில்லை, எரியும். இஸ்திரிப்பெட்டி அப்படியில்லை. அதன் ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் நின்றுகொண்டிருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி உள்ளே கை வைப்பவன் திரும்பி வரமாட்டான்.

முதல்வரிடம் ஓடினேன்.

"சார், முப்பத்தொண்ணும் தலைகீழா இருக்கு."

"லைட் எரியுதா?"

"எரியுது சார்."

"அப்புறம் என்ன தம்பி?"

இவரிடம் என்ன பேசுவது? பசங்களைக் கேட்டேன். "பாடம் 14ல அப்படித்தான் சார் காட்டுறாங்க" என்கிறார்கள். போட்டுப் பார்த்தேன். உண்மைதான். வலதுகைக்காரர் ஒருவர் அழகாக, நிதானமாக, சிவப்பு வயரைத் தப்பான பக்கத்தில் முடுக்குகிறார். எங்கள் பயிற்சி சாக்கெட்டுகளில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. பசங்களுக்குத் திரையை விட்டால் வேறு சாட்சி இல்லை.

இதே பாடம் இருநூற்றுப் பதினான்கு நிலையங்களில் ஓடுகிறது. அக்டோபர் முதல் தேதி எல்லா நிலையத்துப் பசங்களும் களப்பயிற்சிக்குப் போகிறார்கள். நிஜ வீடு, நிஜ சுவர். அதற்குள் அந்தப் பாடம் நிற்க வேண்டும்.

நீ சின்னப்பிள்ளைகளுக்கு எண் பாடம் செய்கிறவள், உனக்கு இதில் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பாடங்கள் தயாராவது உன் கட்டடத்தில்தான். பாடம் 14ஐச் செய்த முட்டாள் யார் என்று விசாரித்து எழுது. போனில் கேட்கமாட்டேன். போனில் நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

அம்மாவின் முழங்கால் எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா, தலையணைக்கு அடியில் ஒளிக்கிறாளா?

உன் தம்பி

*

ஜூன் 19

அன்புத் தம்பிக்கு,

உறையைப் பிரிக்கும்போதே கை சுட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "சாப்பிடுறானான்னு ஒரு வரி எழுதலியே" என்றாள். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைப்பதில்லை இப்போது, பூந்தொட்டியில் புதைக்கிறாள். செடி நன்றாக வளர்கிறது.

கடிதத்திலும் பேச்சை மாற்ற எனக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டாய்.

பாடம் பதினான்குதானா? நிச்சயமாகத் தெரியுமா? பதின்மூன்றும் பதினாறும்கூடச் சாக்கெட்தான். பசங்க ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்திருக்க வாய்ப்பில்லையா? நீ படித்த காலத்தில் வரைபடத்தையெல்லாம் யாரைப் பார்த்துப் போட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இங்கே நாலு மாடி. யார் எதைச் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டு திரிந்தால் நன்றாக இருக்காது. உன் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஐந்து மாதம். முதல்வரை வீணாகப் பகைத்துக்கொள்ளாதே. உன் வகுப்பில் இருப்பவர்களுக்கு நீயே சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயேன்.

ராத்திரி சீக்கிரம் படு. மோர் குடி.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல். இரண்டு வேளை விடுதியில், ஒரு வேளை கோபத்தில்.

பாடம் 14தான். பார்த்து எழுதும் கதையும் இல்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்து மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடி முப்பத்தொன்றும் தப்பு. இவ்வளவு ஒற்றுமையாக எந்த வகுப்பும் என்னிடம் சரியாகச் செய்ததில்லை!

சரி, ஏன் தப்பு என்று கரும்பலகையில் விளக்கினேன். தலையாட்டினார்கள். எதிர்த்துக் கேள்வி கேட்பதால் 'வக்கீல்' என்று பட்டம் வாங்கிய பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் எழுந்து, "ரெண்டு பக்கமும் எரியுதே சார், நீங்க சொல்றத எப்படி நம்புறது?" என்றாள். நியாயம்தான். திரை சொன்னதை நம்பினார்கள், இப்போது நான் சொல்வதை நம்ப வேண்டுமாம். இரண்டும் ஒன்றுதானே.

முற்றத்துக்குக் கூட்டிப்போய் வட்டமாக நிறுத்தினேன். ஒரு வாளி நிறையத் தண்ணீர். வாளிதான் கரண்ட். கைமாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒருவன் விளக்கு. ஒருவன் ஸ்விட்ச், ஸ்விட்ச் கையைக் கட்டிக்கொண்டால் வாளியை வாங்கமாட்டான். முதலில் ஸ்விட்சை விளக்குக்கு முன்னால் நிறுத்தினேன். கையைக் கட்டினான், வாளி அவனோடு நின்றது. பிறகு ஸ்விட்சை விளக்குக்குப் பின்னால் நிறுத்தினேன். கையைக் கட்டினான். விளக்காக நின்ற தடியன் வாளியை ஏந்திக்கொண்டு கத்தினான்: "சார், நான் அணைஞ்சிட்டேன், ஆனா வாளி என் கையிலேயே இருக்கு!"

முப்பத்தொரு முகமும் ஒரே நொடியில் மாறியதைப் பார்த்தேன். வக்கீல், "ஐயோ, எங்க வீட்டு இஸ்திரிப்பெட்டி" என்று முணுமுணுத்தாள். வீட்டு சாக்கெட்டை அவள்தான் போன மாதம் மாற்றினாளாம். அன்று மாலை நானும் போய்ப் பார்த்தேன். தலைகீழ்தான். அவளையே சரிசெய்ய வைத்தேன்.

மறுநாள் அவள்தான் கண்டுபிடித்தாள். பாடத்தை இன்னொரு தடவை ஓடவிட்டபோது, "சார், கையப் பாக்காதீங்க. பின்னாடி சுவத்தப் பாருங்க. கடிகாரம் பின்னால போகுது" என்றாள். போகிறது அக்கா! நொடிமுள் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. படத்தைக் கண்ணாடியில் காட்டியது போலத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். செய்தவர் இடதுகைக்காரர். யாரோ அவரை வலதுகைக்காரராக ஆக்கியிருக்கிறார்கள். கூடவே கரண்டையும் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

வகுப்பில் திரையை அணைத்துவிட்டேன். தலைமை அலுவலகத்துக்கு முறையாகப் புகார் எழுதிவிட்டேன். அந்த ஆளின் பெயர் எனக்கு இன்னும் வேண்டும். விசாரித்தாயா?

அம்மாவின் செடிக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

ஜூலை 22

அக்கா,

நாலு வாரம். பதில் இல்லை. அம்மாவுக்கு ஏதாவதா? பக்கத்து வீட்டு அண்ணியிடம் போன் செய்து கேட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள், நீயும் தினமும் வேலைக்குப் போகிறாய் என்றார். அப்படியானால் என்மேல் கோபமா?

என் புகாருக்குப் பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: "பாடம் 14 மீண்டும் சரிபார்க்கப்பட்டது. அதில் பிழை ஏதும் இல்லை. தாங்கள் குறிப்பிடும் தவறு பயிற்றுநரின் கவனக்குறைவால் நேர்ந்திருக்கலாம்." பாடப்பிரிவுத் தலைவர் கையெழுத்து. பயிற்றுநரே இல்லாத வருடத்தில் எந்தப் பயிற்றுநரின் கவனக்குறைவு? அந்த வாக்கியத்தைத் தட்டச்சு செய்தவருக்குக் கை கூசவில்லையா?

கூடவே முதல்வர் ஒரு குறிப்பாணை கொடுத்திருக்கிறார். அங்கீகரிக்கப்பட்ட பாடங்களை நிறுத்தியது ஏன் என்று பதினைந்து நாளில் விளக்க வேண்டுமாம். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். "கோபப்படாதீங்க தம்பி, மேலேருந்து வந்தது" என்றார். மழையைச் சொல்வது போலச் சொன்னார்.

ஒன்றை மட்டும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். வேறு யாரிடமும் சொல்லாதே. திரையை அணைத்தது முழுக்கச் சரியில்லை. வகுப்பில் ஒருவனுக்கு ஒரு காது கேட்காது. நல்ல கைவேலைக்காரன். மூன்று வாரத்தில் பின்தங்கிவிட்டான். கூப்பிட்டுக் கேட்டேன். "படம் போட்டா நிறுத்தி நிறுத்திப் பாப்பேன் சார். உங்கள நிறுத்த முடியலியே" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேகமாகப் பேசுகிறேன், பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறேன். இரண்டும் உண்மை.

நீ ஐந்து வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். எப்படிச் சரிசெய்வது என்றாவது எழுது.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

கோபம் இல்லை. வேலை அதிகம். அம்மா நலம். போன வாரம் தானே படியேறி மாடிக்குப் போய்த் துணி எடுத்துவந்தாள். பிறகு மூன்று நாள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

உன் ஒரு காது கேட்காத மாணவனை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவனை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதே. சொல்வது ஒருவருக்குப் போதும், செய்வது இன்னொருவருக்கு. சிலருக்குப் பார்த்ததையே பத்துத் தடவை பார்க்க வேண்டும். வாளியை எல்லோரும் தூக்கினார்கள் பார், அது போல ஒன்று செய். பசங்களையே படம்பிடிக்கச் சொல். ஆனால் எதிரில் நின்று எடுக்கக்கூடாது. செய்கிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று, அவன் கண் பார்ப்பதைக் கேமரா பார்க்க வேண்டும். அப்போது திரையில் தெரிவது பார்க்கிறவனின் கையாகவே இருக்கும். இடது வலது என்ற குழப்பமே வராது. ஓரத்தில் எழுத்துப் போடுங்கள், அவன் வாசித்துக்கொள்வான். எழுதப்போவது யார் என்று சண்டை வரும். வரட்டும், எழுதுகிறவனுக்குத்தான் பாடம் அதிகம் பதியும்.

குறிப்பாணைக்கு அடக்கமாகப் பதில் எழுது. 'இனி நிறுத்தமாட்டேன்' என்று ஒரு வரி. கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பாடத்தைச் செய்தவர்கள் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள். எண்ணே இல்லாத கடிகாரம், வெறும் கோடுகள். திரும்பியிருப்பது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். மனிதர்கள்தானே.

அம்மா உனக்கு இரண்டு பனியன் வாங்கி அனுப்பியிருக்கிறாள். அளவு தெரியாமல் உன் பள்ளிக்கூடத்து அளவில்.

அக்கா

*

ஆகஸ்ட் 8

அக்கா,

கடிகாரத்தில் எண் இல்லை என்று நான் எழுதவே இல்லை.

பாடம் 14ஐத் திருப்பியது யார்? ஒரு சொல் போதும்.

அம்மாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

*

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

நான்.

மூன்று வாரமாக இந்த ஒரு சொல்லைத்தான் எழுதி எழுதிக் கிழித்தேன். மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

குழந்தைகள் பாடத்தை விட்டு நான் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தொழில் பாடங்களுக்கு ஆள் குறைவு என்று மாற்றினார்கள். உன்னிடம் சொல்லவில்லை. 'பியூஸ் போனா பக்கத்து வீட்டு அண்ணனக் கூப்பிடுற நீ கரண்ட் பாடம் செய்றியா' என்று சிரிப்பாய் என்று பயந்தேன். சிரித்திருப்பாய்.

படத்தில் வருகிற மின்பணியாளர் முப்பது வருட அனுபவக்காரர். இடது கை. ஒரே தடவையில் செய்து காட்டிவிட்டுப் போனார். மறுநாள் பிரிவுத் தலைவர் பார்த்தார். "இடது கையால செய்றது பாக்க நல்லா இல்லம்மா, திருப்பிடு" என்றார். "சார், வேற ஏதாவது மாறிடுமா?" என்று கேட்டேன். "கைதானே மாறுது, என்னம்மா நீ" என்றார். கணினியில் ஒரே ஒரு பொத்தான். சாக்கெட்டில் இருந்த எழுத்துகள் மட்டும் இடவலம் மாறித் தெரிந்தன. அவற்றை மறைத்து, சிவப்பு வயருக்கு மேல் 'பேஸ்', கறுப்புக்கு மேல் 'நியூட்ரல்' என்று சுத்தமான எழுத்தில் நானே ஒட்டினேன். அழகாக இருக்கிறது என்று பாராட்டு வாங்கினேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். தலைவர் போடவில்லை. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடிகாரத்தைப் பற்றி எழுதினாயே, அன்றே போய்ப் பார்த்தேன். எங்கள் படப்பிடிப்புக் கூடத்துக் கடிகாரம்தான். உடனே தலைவரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இருநூத்திப் பதினாலு இடத்துல ஓடுது. தப்புன்னு ஒத்துக்கிட்டா இந்தப் பிரிவையே மூடிருவாங்க. கையெழுத்து உன்னோடதும்மா, நல்லா யோசி."

யோசித்தேன். அம்மாவை யோசித்தேன், வீட்டை யோசித்தேன். உன் புகாருக்கு வந்த பதில் இருக்கிறதே, அதைத் தட்டச்சு செய்தது யார் என்று கேட்டிருந்தாய். நான்தான். கை கூசியது. இருந்தாலும் அடித்தேன்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதனால்தான் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

அக்கா

*

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு மணி நேரம் பட்டறையில் ஒரு மோட்டாரைக் கழற்றினேன். அதில் ஒன்றும் பழுதில்லை. மறுபடி பூட்டினேன். இப்போது எழுதுகிறேன்.

உனக்குக் கரண்ட் தெரியாது. அது குற்றமில்லை. தெரியாது என்று கேட்டும் இருக்கிறாய். தெரியாத இன்னொருவனிடம் கேட்டதுதான் தப்பு. முப்பது வருடம் செய்த ஆளிடம் ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். ஜூன் மாதமே என்னிடம் சொல்லியிருந்தாலும் முடிந்திருக்கும். முட்டாள் என்று எழுதியதைத் திரும்ப வாங்கவில்லை. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்ததை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

அது நமக்குள். வெளியே உன் பெயரை நான் எங்கும் எழுதமாட்டேன். ஆனால் வாயை மூடிக்கொள்ளவும் மாட்டேன். இங்கே முப்பத்தொரு பேருக்கும் சரியாகிவிட்டது. நீ சொன்னபடி தோளுக்குப் பின்னாலிருந்து அவர்களே படம் எடுத்தார்கள். ஒரு காது கேட்காதவன்தான் எழுத்துப் போட்டான். வக்கீலோடு இரண்டு நாள் சண்டை. அந்தப் படத்தைப் பார்த்து மூன்று பேர் செய்தார்கள், மூன்றும் சரி. அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை. டெஸ்டரால் குத்திப் பார்த்துத்தான் விட்டேன்.

மற்ற இருநூற்றுப் பதின்மூன்று இடங்கள்? அக்டோபர் ஒன்றுக்கு இன்னும் இருபத்தேழு நாள். வெளியிலிருந்து பாடம் எதுவும் அனுப்பக்கூடாது என்று விதி இருக்கிறது. பாடம் அனுப்பப் போவதில்லை. செப்டம்பர் 16 முதல் போன் செய்யப் போகிறோம். முப்பது பேருக்கு ஆளுக்கு ஏழு நிலையம், கடைசி ஆளுக்கு மூன்று. மாணவர்களே மாணவர்களிடம் பேசுவார்கள். சொல்ல வேண்டியது ஒரே வரி: பாடம் 14ல் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். எங்களை யாரும் நம்ப வேண்டாம். கண்ணிருந்தால் போதும்.

முதல்வருக்குத் தெரியும். "எனக்குச் சொல்லாதீங்க தம்பி, எனக்குத் தெரியாம இருக்கட்டும்" என்றார். அலுவலகத் தொலைபேசியின் பூட்டுச் சாவியை மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போகிறார், தினமும்.

பதினாறு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதுவரை உனக்கு நேரம். என்ன செய் என்று சொல்லமாட்டேன். நீ எனக்கு மூத்தவள்.

அம்மாவிடம் பனியன் சரியான அளவு என்று சொல்.

உன் தம்பி

*

செப்டம்பர் 17

டேய்,

மூத்தவள் என்று ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. நேரம் கொடுக்கிறாயாம், பெரிய நீதிபதி!

செப்டம்பர் 14, மதியம் சாப்பாட்டு நேரம். தலைவர் வெளியே போயிருந்தார். இருநூற்றுப் பதினான்கு நிலையத்துக்கும் என் அலுவலக மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஒரே கடிதம் அனுப்பினேன். நகல் எடுத்து வைத்திருக்கிறேன்: "பாடம் 14இல் படம் இடவலமாகத் திருப்பப்பட்டுள்ளது. அதைப் பார்த்துச் செய்த சாக்கெட்டுகள் ஆபத்தானவை. உடனே நிறுத்தவும். திருப்பியவள் நான். சரிபார்த்தேன் என்று கையெழுத்திட்டவளும் நான். ஜூலை மாதம் பிழை இல்லை என்று ஒரு நிலையத்துக்குப் போன பதில் பொய்." கீழே என் பெயர், பதவி, இருக்கை எண்.

கூடவே திருப்பாத பழைய படத்தையும் இணைத்தேன். இடது கை இடது கையாகவே இருக்கட்டும். பார்க்க நன்றாக இல்லை என்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

மூன்றரை மணிக்குத் தலைவர் வந்தார். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் காதுக்குப் போய்விட்டது. "என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"நீங்க திருப்பச் சொன்னதத் திரும்பத் திருப்பிட்டேன் சார்."

"நான் சொன்னேன்னு எழுத்துல இருக்கா?"

"இல்ல சார். அதான் என் பேர மட்டும் போட்டிருக்கேன். உங்களுக்கு வேணும்னா நீங்களே எழுதிக்கலாம்."

நாலரை மணிக்கு எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம். அக்டோபர் 6 விசாரணை. பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். தொழில் பாடப் பிரிவில் யாரும் தலை நிமிரவில்லை. பழைய குழந்தைகள் பாடப் பிரிவில் ஒருத்தி மட்டும் கதவுவரை வந்து என் குடையைக் கொடுத்தாள்.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஜூன்லயே சொல்லியிருந்தா, முட்டாள்னு எழுதுனத அவன் அப்பவே திரும்ப வாங்கியிருப்பான்" என்றாள். முதல் கடிதத்துக்குப் பிறகு வந்ததையெல்லாம் ஒளித்து வைத்திருந்தேன், எடுத்து வாசித்திருக்கிறாள். பிறகு தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "விசாரணைக்கு நானும் வரேன். எவன் அவன், பாக்க நல்லா இல்லன்னு சொன்னவன்" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் மூன்று மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ போன் செய்வதை நிறுத்தாதே. என் கடிதத்தை எத்தனை பேர் குப்பையில் போட்டார்களோ.

அக்கா

*

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கையில் பசை, காதில் போன் சூடு. உன்னை நினைத்துப் பெருமை. இதை இன்னொரு தடவை எழுதமாட்டேன், அதனால் இப்போதே இரண்டு தடவை வாசித்துக்கொள்.

கணக்கைச் சொல்கிறேன். இருநூற்றுப் பதின்மூன்று இடத்துக்கும் பேசிவிட்டோம். நூற்று நாற்பத்தாறு இடத்தில் நல்ல பயிற்றுநர் இருந்தார். தப்பை அவரே எப்போதோ கண்டு வாயால் திருத்திக்கொண்டிருந்தார், மேலே எழுதப் பயந்து. மிச்சம் அறுபத்தேழு இடத்தில் திரை மட்டும்தான். அங்கே வாளி விளையாட்டை வக்கீல் போனிலேயே சொல்லிக்கொடுத்தாள். உன் கடிதம் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. பாதிப் பேர் எங்கள் போன் வந்த பிறகுதான் திறந்து பார்த்தார்கள். உன் பெயரைச் சொல்லி, "அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள்.

நேற்று மாலை தலைமை அலுவலகம் பாடம் 14ஐ நிறுத்திவிட்டது. 'தொழில்நுட்பக் காரணங்களுக்காக' என்று சுற்றறிக்கை. தப்பு என்ற சொல்லே இல்லை. உன் பெயரும் இல்லை, தலைவர் பெயரும் இல்லை. படம் தானாகவே திரும்பிக்கொண்டதாம்.

ஒரு இடத்தில் மட்டும் நாம் தாமதம். உன் ஊருக்குப் பக்கத்து நிலையத்துப் பசங்க தேதிக்கு முன்பே, ஆகஸ்டிலேயே வேலைக்குப் போய்விட்டார்கள். புதிய தொழிலாளர் குடியிருப்பு, நூற்றுப் பதினெட்டு வீடு. எல்லாச் சாக்கெட்டும் அவர்கள் போட்டது. ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். ஒப்பந்தக்காரரிடம் பேசினேன். "லைட் எரியுதுல்ல?" என்றார். இவர்கள் எல்லோரும் எங்கேயோ ஒரே வகுப்பில் படித்திருக்கிறார்கள்.

வக்கீலும் தடியனும் வீடு வீடாகப் போய் அறிவிப்பு ஒட்ட நேற்றே கிளம்பிவிட்டார்கள். செருகியிருப்பதைப் பிடுங்கி வைக்காமல் எதையும் கழற்றாதீர்கள் என்று. அது தற்காலிகம்தான். மிச்சம் நான் செய்யப்போவது:

1. கெடு எப்போதோ முடிந்துவிட்ட குறிப்பாணைக்கு இன்று பதில் அனுப்புகிறேன். நீ சொன்ன ஒரு வரிதான், சின்னத் திருத்தத்தோடு: "நிறுத்தினேன். தப்பான பாடம் வந்தால் இனியும் நிறுத்துவேன்." வேலை போனால் போகட்டும், டெஸ்டர் என் சொந்தக் காசில் வாங்கியது.

2. அக்டோபர் 4 இரவு வண்டியில் வருகிறேன். ஒன்பது மாணவர்கள் களப்பயிற்சிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. தரையில் படுத்துக்கொள்வார்கள். அம்மா சமைக்கக்கூடாது; அவர்களே சமைப்பார்கள், மோசமாக.

3. அக்டோபர் 6 விசாரணைக்கு ஒரு சாக்கெட், ஒரு இஸ்திரிப்பெட்டி, பாடம் 14 கொண்டுவருகிறேன். பிரிவுத் தலைவரைத் திரையைப் பார்த்து அவர் கையாலேயே சாக்கெட்டைப் போடச் சொல்வேன். இஸ்திரிப்பெட்டியைச் செருகி அதன் ஸ்விட்சை அணைத்துவிட்டு, "கைதானே சார், உள்ளே வைங்க" என்பேன். வைக்க விடமாட்டேன். ஆனால் அவர் எவ்வளவு தூரம் பின்னால் போகிறார் என்று எல்லோரும் பார்க்கட்டும்.

4. முப்பது வருட அனுபவக்காரரைத் தேடிப் பிடித்துவிட்டேன். விசாரணைக்கு வருகிறார். தன் கையைத் திருப்பிவிட்டார்கள் என்று அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். நீ அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கிறாய். நான் பக்கத்தில் நிற்பேன்.

5. அக்டோபர் 7, காலை ஏழு மணி, தொழிலாளர் குடியிருப்பு. நூற்றுப் பதினெட்டு வீடு, வீட்டுக்கு ஆறு சாக்கெட். தீர்ப்பு என்னவாக இருந்தாலும் நீ வருகிறாய். எனக்குத் தெரியாது, பயமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லாதே. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வா. மெயினை நான் அணைக்கிறேன். முதல் சாக்கெட்டை நீதான் கழற்றுகிறாய்.

உன் தம்பி